அம்மாவின் காதை மாற்றாதீர்கள்

இறந்தவரின் படத்திறப்புக்கு முந்தின நாள்தான் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வருவார்கள். செல்போனில் ஒரு படம் இருக்கும். பேத்தி கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ, மூன்றாவது வரிசையில் பாதி மறைந்த அப்பா. இல்லையென்றால் கை அசைந்து ஷேக் ஆன ஏதோ ஒரு விசேஷப் படம். “அண்ணாச்சி, இதக் கொஞ்சம் தெளிவாக்கி 16க்கு 20 போட்டுக் குடுங்க” என்பார்கள். தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு இன்று வருகிற வேலையில் பெரும்பகுதி இதுதான். நம் வீடுகளில் உயிரோடு இருக்கும்வரை யாரையும் தனியாக உட்காரவைத்து நல்லதாக ஒரு படம் எடுப்பதில்லை.

இப்போது சிலர் வீட்டிலேயே ஏதாவது ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கிக்கொண்டு வருகிறார்கள். பிரிண்டும் ஃபிரேமும் மட்டும் போதுமாம். அப்படித்தான் ஒருவர் தன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தார். பழைய படத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தேன். பழையதில் முகம் நகத்தளவு, ஒரே மங்கல். செயலி கொடுத்ததில் கண்ணிமை முடியைக்கூட எண்ணலாம். ஆனால் அந்த அம்மா காது வடித்துப் பாம்படம் போட்டவர். தோளைத் தொட்ட காதுமடலைச் செயலி தலைமுடி என்று எடுத்துக்கொண்டு கருப்பாகத் தீட்டியிருந்தது. மேலே சின்னதாக வேறு யாருடைய காதோ இருந்தது. வெற்றிலைக் காவி ஏறிய பற்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாகிவிட்டன. மகன் “நல்லாத்தான இருக்கு” என்றார். கூட வந்த அவருடைய அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது யாரு, எங்க மதினியா?” என்று கேட்டார்.

மங்கலான படத்தைத் தெளிவாக்குவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அதில்தான் என் பிழைப்பு. ஃபோட்டோஷாப்பில் இருக்கும் அன்ஷார்ப் மாஸ்க், டார்க் ரூம் காலத்து உத்தி. நெகட்டிவிலிருந்து கொஞ்சம் மங்கலான பாசிட்டிவ் ஒன்றைச் செய்து, இரண்டையும் ஒன்றாக வைத்து பிரிண்ட் போடுவார்கள். கோடுகளின் ஓரத்தில் கருப்பு இன்னும் கருப்பாகும், வெளுப்பு இன்னும் வெளுக்கும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும். படத்தில் இல்லாத ஒரு மயிரிழைகூடப் புதிதாக வராது. அளவுக்கு மீறிப் போட்டால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான்.

ஷேக் ஆன படத்தையும் கணக்குப் போட்டு ஓரளவு மீட்கலாம். பின்னால் எரிந்த சீரியல் பல்பு ஒன்று புள்ளியாகத் தெரியாமல் கோடாக இழுபட்டிருந்தால், கை எந்தப் பக்கம் எவ்வளவு அசைந்தது என்பதை அந்தக் கோடே காட்டிவிடும். அதை வைத்துத் திரும்பக் கணக்கிடுவார்கள். 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கிக்குக் கைகொடுத்தது இதே வழிதான். 2.4 மீட்டர் அகலக் கண்ணாடியின் விளிம்பு ஏறக்குறைய 2 மைக்ரான் அதிகமாகத் தேய்ந்திருந்ததால் படங்கள் கலங்கின. என்ன பிழை என்று துல்லியமாகத் தெரிந்ததால், 1970களில் ரிச்சர்ட்சனும் லூசியும் தனித்தனியே கண்டுபிடித்திருந்த கணக்குமுறையைக் கொண்டு பல படங்களைத் தெளிவாக்கினார்கள். ஆனால் மங்கிய ஒளியுள்ள பொருள்களுக்கு அந்தக் கணக்கு போதவில்லை. கடைசியில் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். தெரியாத இடத்தில் நட்சத்திரத்தை வரைந்து நிரப்பலாம் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

இன்றைய முகம் தெளிவாக்கும் செயலிகள் நினைக்கின்றன. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகிய அவை, இந்த மங்கலுக்குள் இப்படி ஒரு கண் இருக்கலாம் என்று ஊகித்துப் புதிதாக வரைகின்றன. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பல்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். பராக் ஒபாமாவின் சிதைந்த படத்தை அதற்குக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. ஒபாமாவையே தெரியாத இயந்திரத்துக்குப் பாம்படக் காதை எங்கே தெரியப்போகிறது? அது பார்த்துப் பழகிய கூட்டத்தில் நம் பாட்டிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

வீட்டுச் சுவரில் மாட்டுகிற படத்துக்கே இவ்வளவு என்றால், வழக்குக்குப் போகிற படத்தை யோசியுங்கள். 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், செல்போன் வீடியோவைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கி, குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு கொண்டுவந்தது. நீதிபதி ஏற்க மறுத்துவிட்டார். சரியான முடிவு. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டப்படி, மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். கோப்பைப் பிறகு யாரும் தொடவில்லை என்பதை அது காட்டும். அதற்கு முன்பே படத்திலுள்ள முகத்தை ஒரு செயலி வரைந்திருந்தால், அதை ஹாஷ் காட்டாது. சிசிடிவி படத்தைத் தெளிவாக்கினார்களா, எந்த மென்பொருளில், என்ன அமைப்பில் என்று எழுதிக்கொடுப்பதையும், தொடாத மூலப் படத்தைப் பக்கத்தில் வைப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். மங்கலான உருவம் ‘இவர் யாரென்று தெரியவில்லை’ என்கிறது. அதைத் தெளிவான முகமாக்கி ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது.

ஸ்டுடியோக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். செயலி வரைந்த முகம் என்றால் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், பில்லிலும் எழுதுங்கள். நான் ஃபிரேமின் பின்பக்கத்தில் மூலப் படத்தின் சிறு பிரிண்ட் ஒன்றை ஒட்டித்தான் கொடுக்கிறேன். அந்த அம்மாவின் படத்துக்குச் செயலியை விட்டுவிட்டு, பழைய படத்தையே எடுத்துக் கொஞ்சமாக ஷார்ப் செய்து, 16க்கு 20 வேண்டாம், 8க்கு 10 போதும் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தேன். முகம் சற்று மங்கல்தான், காது அவருடையது.

படம் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. பழைய பிரிண்டைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். அதைவிட பிரிண்டையே கொண்டுவாருங்கள், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துகொள்ளலாம். அலமாரியில், ஆல்பத்தின் பின்னட்டையில், ஸ்டுடியோ கவர்களில் நெகட்டிவ் கிடக்கிறதா என்று ஒருமுறை தேடிவிட்டு வாருங்கள்.