எரிந்தது முனுசாமியின் வீடு, பேசியது பேபி சரோஜா

ஏப்ரல் 14 மாலை ராயப்பன்பட்டியில் படம் போடுவது என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். எந்தப் படம் என்று பேச்சு வந்தபோது கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, "அண்ணே, தமிழ்ல முதல் சாதி எதிர்ப்புப் படமே 'பாலயோகினி'தானாமே, அதைப் பத்திப் பேசி ஆரம்பிப்போமா?" என்றான். எங்கேயோ வாசித்திருக்கிறான். அவன்மேல் தப்பில்லை. சினிமா வரலாற்றைப் பலரும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது.

1937-இல் கே. சுப்பிரமணியம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பாட்டு, அழுகை, நடுவில் ஒரு சுட்டிக் குழந்தை. குழந்தை பேபி சரோஜா, இயக்குநருடைய சகோதரரின் மகள். இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்று கொண்டாடினார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயர் விழுந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு சரோஜா பாட்டி இருக்கலாம்.

கதை இதுதான். ஆதரவற்ற ஒரு பிராமண விதவையும் ஒரு சிறுமியும் பணக்கார உறவினர் வீட்டிலிருந்து விரட்டப்படுகிறார்கள். வேலைக்காரர் முனுசாமி தன் வீட்டில் இடம் கொடுக்கிறார். ஊர் கொதிக்கிறது. வைதிகக் கூட்டம் முனுசாமியின் வீட்டைக் கொளுத்துகிறது. பிறகு சிறுமி வாதாடுகிறாள், எல்லோரும் மனம் மாறுகிறார்கள்.

முனுசாமி யார்? கதைச் சுருக்கங்களில் 'தாழ்ந்த சாதி வேலைக்காரர்', அவ்வளவுதான். இடம் கொடுத்தவர் அவர், வீட்டை இழந்தவர் அவர். ஆனால் நியாயம் கேட்கும் வாய் மட்டும் அவருடையது இல்லை.

சுப்பிரமணியத்தின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. விதவை வேடத்துக்கு ஒரு பிராமண விதவையையே நடிக்க வைத்தார். வைதிகர்களின் வசவை வாங்கிக்கொண்டார். அது அவர்கள் வீட்டுச் சண்டை, நியாயமான சண்டையும்கூட. அதற்கு நம் விடுதலை என்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

அதற்கு முந்தைய ஆண்டை நினைத்துப் பாருங்கள். 1936-இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சாதி இந்துச் சீர்திருத்தச் சங்கம் பாபாசாகேப்பைத் தலைமை உரைக்கு அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் மாற்றச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடே ரத்தானது. 'சாதி ஒழிப்பு' நூலை அவர் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். தங்கள் வீட்டுக் குழந்தை மழலையில் சொன்னால் கண்ணீர் விட்டுத் திருந்துவார்கள். அம்பேத்கர் சட்டத்தோடும் சாத்திரத்தோடும் சொன்னால் மேடையையே மடக்கிவிடுவார்கள். சென்னையில் 1893-லேயே 'பறையன்' பத்திரிகை நடத்திய இரட்டைமலை சீனிவாசன் இந்தப் படம் வந்தபோது உயிரோடுதான் இருந்தார். பேச ஆள் இல்லாமலா போயிற்று?

அசல் ஷெர்லி டெம்பிளும் இதே கதைதான். 1935-இல் வந்த 'லிட்டில் கர்னல்' படத்தில் மாடிப்படியில் அந்தச் சிறுமியோடு ஆடியவர் பில் ராபின்சன். அடிமையாக இருந்த பாட்டி வளர்த்த பேரன், மாபெரும் ஆட்டக்கலைஞர். படத்தில் அவருக்குக் கிடைத்தது வேலைக்காரர் வேடம். அவர் குழந்தையின் கையைத் தொட்டதற்கே தென் மாநிலங்களில் அந்தக் காட்சியை வெட்டினார்கள்.

தீ வைத்தவன் திருந்திவிட்டால் கதை முடிந்துவிடுமா? 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். 2012 நவம்பர் 7, தருமபுரி நத்தம் உட்பட மூன்று காலனிகள் எரிந்தன. எந்தக் குழந்தையின் பாட்டுக்கு யார் மனம் மாறினார்கள்?

நம் ஊரில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நிற்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அன்று படம் பார்க்க உட்காரப்போகிறவர்கள். அவர்களுக்கு 'வாழை' போடுவோம் என்று சொல்லிவிட்டேன். 2024-இல் மாரி செல்வராஜ் எடுத்தது. அதிலும் நடுவில் ஒரு குழந்தைதான். ஆனால் பள்ளி விடுமுறையில் வாழைத்தார் சுமக்கும் குழந்தை. கழுத்து வலிப்பது அவனுக்கு, கதையும் அவனுடையது.

'பாலயோகினி' பற்றியும் பேசலாம், தம்பி. படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் உனக்கு. முதல் கேள்வி என்னுடையது: எரிந்த வீட்டை முனுசாமிக்கு யார் கட்டிக்கொடுத்தார்கள்?