சீந்தில் கொடியும் நம் உடலின் காவலரும்



2020ஆம் ஆண்டின் கொரோனா நாட்களில் நம் வீடுகளுக்குள் நுழைந்த ஒரு கொடி, இன்றுவரை பல வீடுகளை விட்டுப் போகவில்லை. நம் ஊர்களில் அதற்குச் சீந்தில் என்று பெயர். மும்பையில் அதைக் குள்வேல் என்கிறார்கள், டெல்லியில் கிலோய், பெங்களூரில் அம்ருதபள்ளி. தண்டாகவும், பொடியாகவும், சாறாகவும், மாத்திரையாகவும் அது விற்கப்படுகிறது. எந்த வடிவில் வந்தாலும், "நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்ற ஒரே வாக்குறுதி அதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது. இந்த வாக்குறுதியின் பொருள் என்ன? அந்தக் கொடி நம் சரீரத்திற்குள் சென்று யாரிடம் பேசுகிறது? இந்த மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

நோய் எதிர்ப்புச் சக்தியைத் தொட்டியில் நிரப்பும் தண்ணீரைப்போல நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். நிரம்ப நிரம்ப நல்லது என்று நினைக்கிறோம். உண்மை அப்படியல்ல. அது பலவகை அணுக்கள் சேர்ந்து நடத்தும் காவல் பணி. கிருமியைக் கண்டதும் விழுங்கும் அணுக்கள் உண்டு. எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் 'பி' அணுக்கள் உண்டு. போராட்டம் முடிந்ததும் "போதும், நிறுத்துங்கள்" என்று மற்றவற்றை அடக்கும் அணுக்களும் உண்டு. காவல் தளர்ந்தால் தொற்று வரும். காவல் வரம்பு மீறினால் காவலரே வீட்டாரை அடிக்கத் தொடங்குவர். முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ் போன்ற நோய்கள் இவ்வாறு வருபவையே.

கொரோனா நாட்களே இதற்குச் சாட்சி. நோய் முற்றிய பலருடைய நுரையீரலைக் கெடுத்தது கிருமி மட்டுமல்ல. அடங்காமல் பொங்கிய எதிர்ப்பும்தான். 2020 ஜூன் மாதத்தில் பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று அறிவித்தது. அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதல்ல, அடக்குவது. வீட்டில் நாம் கூட்டுவதற்குக் கஷாயம் காய்ச்சிய அதே நாட்களில், மருத்துவமனையில் அடக்குவதற்கு ஊசி போட்டு உயிர்களைக் காத்தார்கள்!

இனி சீந்திலுக்கு வருவோம். அதற்கு வல்லமையே இல்லை என்று சொல்லுவது தவறு. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் சீந்தில் தண்டிலிருந்து ஒருவகைச் சர்க்கரைத் தொடரைப் பிரித்தெடுத்து, 1999ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். அது எதிர்ப்பு அணுக்களைத் தூண்டியது. எப்படித் தூண்டுகிறது என்பதை 2009இல் வெளியான அவர்களுடைய மற்றோர் ஆய்வு காட்டியது. நம் காவல் அணுக்களின் மேற்பரப்பில் 'டி.எல்.ஆர்.4' என்றொரு வாங்கி உண்டு. சிலவகைப் பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள நச்சுப்பொருளை அடையாளம் காண்பதே அதன் வேலை. சீந்திலின் சர்க்கரைத் தொடரும் அதே வாங்கியைத் தட்டுகிறது. கிருமி வாசலில் இல்லை. ஆயினும் மணி அடிக்கிறது. அணு விழித்தெழுந்து, அழற்சியைக் கிளப்பும் புரதங்களைச் சுரக்கிறது. 'பி' அணுக்கள் பெருகுகின்றன.

இதனால் நன்மையும் உண்டு. இந்தப் பொருளை முன்னதாகவே கொடுத்துப் பழக்கிய எலிகள், பின்பு கொடுக்கப்பட்ட பாக்டீரியா நச்சின் அதிர்ச்சியைத் தாங்கிப் பிழைத்தன என்று அதே மையத்தார் 2007இல் எழுதினார்கள். அதற்கும் முன்பே, 1993இல், மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பித்தநாள அடைப்பால் மஞ்சள்காமாலை கண்டு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த சிறு எண்ணிக்கையான நோயாளிகளுக்குச் சீந்தில் கொடுத்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய இரத்த வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்லும் திறனில் முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் கவனியுங்கள்: அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்ட நோயாளிகள், அளவும் காலமும் குறிக்கப்பட்டிருந்தன, மருத்துவர்கள் அருகிலேயே இருந்தார்கள்.

2020இல் நடந்தது வேறு. அளவு கேட்பாரில்லை, காலம் குறிப்பாரில்லை. அவ்வாண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களில், சீந்தில் உட்கொண்டுவந்த ஆறு பேர் கல்லீரல் பாதிப்புடன் மும்பை மருத்துவர்களிடம் வந்தார்கள். டாக்டர் ஆபா நாக்ரலும் உடன் மருத்துவர்களும் இதை 2021இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் மரித்துப்போனார். கல்லீரல் திசுவைச் சோதித்தபோது கண்டது, எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்கும் நோயின் அடையாளங்கள். சிலருக்கு அந்த நோய் முன்னமே உள்ளுக்குள் உறங்கிக்கொண்டிருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதை அவர்கள் அறியவில்லை. உறங்கிய நாயைத் தட்டி எழுப்பியது போலாயிற்று.

மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 ஜூலையில் இதை மறுத்தது. நோயாளிகள் உண்டது சீந்தில்தானா, அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த வேறு கொடியா என்று ஆய்வாளர்கள் உறுதி செய்யவில்லை என்பது அதன் வாதம். டினோஸ்போரா கிரிஸ்பா என்னும் அந்தக் கொடி பார்வைக்குச் சீந்திலை ஒத்தது. கல்லீரலைக் கெடுப்பதாகப் பதிவு பெற்றது. நியாயமான கேள்விதான். ஆனால் 2022இல் இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இதே போன்ற 43 நோயாளிகளை விவரித்தது. அங்கேயும் பலருக்கு எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்கிய தோற்றம் காணப்பட்டது. ஒன்று சொல்லுகிறேன்: ஆய்வாளர்களே வாதிடும் அளவுக்கு இரண்டு கொடிகள் ஒத்திருக்குமானால், சந்தையில் தண்டு வாங்கும் நாம் எப்படிப் பிரித்தறிவோம்?

எலிசாவின் நாட்களில் பஞ்சகாலத்தில் கீரை பறிக்கப் போனவனை நீங்கள் அறிவீர்கள் (2 இராஜாக்கள் 4). அவன் தீய எண்ணத்தோடு போகவில்லை. பசித்தவர்களுக்கு உணவு கொண்டுவரவே போனான். ஆனால் தான் அறியாத கொடியின் காயை மடிநிறையக் கொண்டுவந்து பானையில் போட்டான். நல்ல நோக்கம் நஞ்சை முறிக்கவில்லை. "இயற்கைதானே, தேவன் படைத்த செடிதானே, தீங்கு செய்யுமா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அரளியும் இயற்கைதான், எட்டிக்காயும் இயற்கைதான். செடிக்கு வல்லமை உண்டு என்று நம்புகிறவர், அந்த வல்லமை தவறான இடத்திலும் வேலை செய்யும் என்பதையும் நம்பவேண்டும்.

மஞ்சளும் இதையே வேறு திசையிலிருந்து கற்பிக்கிறது. சீந்தில் எழுப்புகிறது என்றால், மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் அணுக்களுக்குள் அழற்சியைத் தொடங்கும் விசையைத் தடுத்து அமர்த்துகிறது. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதிலும் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேருகிறது. ஆகையால் குழம்பில் போடும் மஞ்சளுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள், மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் குர்குமின் இரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு உயருகிறது என்று கண்டார்கள். இன்று விற்கும் குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் பைப்பரின் சேர்க்கப்படுவது இதனாலேயே. 2022இல் அமெரிக்க மருத்துவர்கள் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைக் குறித்து எழுதினார்கள். அவர்களில் ஏழு பேரிடம் எதிர்ப்பு அணுக்களைச் சார்ந்த ஒரே மரபணு வகை இருந்தது. அம்மியில் அரைத்த மஞ்சள் வேறு, மாத்திரையில் அடைத்த மஞ்சள் வேறு. ஒருவருக்கு ஒன்றும் செய்யாதது மற்றவருக்குத் தீங்காய் முடிகிறது.

அப்படியானால் மூலிகையை விட்டுவிட வேண்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. நம் முன்னோரின் சித்த மருத்துவம் சீந்திலைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. நாடி பார்த்து, அளவு சொல்லி, பத்தியம் வைத்து, இத்தனை நாள் என்று வரையறுத்துக் கொடுத்தது. நாம் அதில் கொடியை மட்டும் எடுத்துக்கொண்டு, வைத்தியரை விட்டுவிட்டோம்.

நகரங்களில் வாழும் நமக்குச் சில காரியங்களை வலியுறுத்துகிறேன். முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், தைராய்டு போன்றவற்றில் எதிர்ப்பு அணுக்களால் வரும் நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் "எதிர்ப்புச் சக்தி" மூலிகை எதையும் தொட வேண்டாம். காசநோய் மாத்திரை உண்பவர்களும் அப்படியே. அம்மாத்திரைகளே கல்லீரலுக்குப் பாரமானவை. அந்தப் பாரத்தின்மேல் மற்றொன்றை ஏற்றாதிருங்கள்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்துப் போதல், பசியின்மை, வாந்தி, உடல் அரிப்பு ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அன்றைக்கே மூலிகையை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். பொடியின் பொட்டலத்தையோ தண்டையோ கையில் கொண்டுபோங்கள். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கும்போது, "ஒன்றுமில்லை" என்று சொல்லாதிருங்கள். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பொடியும் மருந்துதான். அதன் தமிழ்ப் பெயர் மும்பை மருத்துவருக்கு விளங்காது என்று விட்டுவிடவும் வேண்டாம். மேலே சொன்ன வேற்றுமொழிப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குள்வேல் என்ற ஒரு சொல் மருத்துவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். மேற்சொன்ன நோயாளிகளில் பலர், காரணம் அறியப்பட்டு, மூலிகை நிறுத்தப்பட்டு, தக்க சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்கள்.

நம் உடலின் காவலர் இரவும் பகலும் உறங்காமல் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு வேளைக்கு உணவும், போதிய நித்திரையும், குறித்த காலத்தில் தடுப்பூசியும் கொடுங்கள். வாசலில் எதிரி இல்லாதபோது, தினமும் காலையில் அபாய மணியை அடித்து அவர்களை எழுப்பாதிருங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் அந்தப் பொடி இருக்குமானால், அதை யார், எத்தனை நாளாக, யாருடைய ஆலோசனையின்படி சாப்பிடுகிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள்.