காது ஒழுகுறது நின்னா போதுமா?

நம்ம வீடுகள்ல காதுல சீழ் வடிஞ்சா மூணு வைத்தியம் உண்டு: காய்ச்சின எண்ணெய், பஞ்சு, 'தானா சரியாயிடும்'. சளி பிடிக்கும்போதெல்லாம் காது ஒழுகி, பஞ்சோடவே காலேஜ் வரைக்கும் வந்தவங்க நம்ம ஹாஸ்டல்லயும் இருக்காங்க. ஒழுகுறது நின்னதும் எல்லாரும் மறந்துடுறோம். அந்தக் காது எவ்வளவு கேட்குதுன்னு யாரும் பார்க்கிறதில்ல.

உள்காது முழுக்கத் திரவம். காற்றுல வர்ற ஒலி நேரா அதுல மோதினா, கிட்டத்தட்ட 99.9 சதவீத ஆற்றல் திரும்பிப் போயிடும். அதைத் தடுக்கத்தான் நடுக்காது. சுமார் 55 சதுர மி.மீ. செவிப்பறை வாங்குற அதிர்வை, மூணு குட்டி எலும்புகள் சுமார் 3.2 சதுர மி.மீ. பரப்புல கொண்டுபோய்ச் சேர்க்குது. பரப்பு விகிதம் 17, எலும்புகளோட நெம்புகோல் விகிதம் 1.3. பெருக்கினா, அழுத்தம் ஏறக்குறைய 22 மடங்கு. நாம பரீட்சைக்குப் படிச்ச இம்பீடன்ஸ் மேட்சிங்தான் இது. நாள்பட்ட சீழ்ல செவிப்பறையில ஓட்டை நிலைச்சுடும். சிலருக்கு அந்த எலும்புகளே அரிச்சுப் போகும். சீழ் நின்னாலும் ஓட்டை தானா மூடும்னு சொல்ல முடியாது.

சின்ன வயசுல இருந்தே குறைவா கேட்டுப் பழகினவங்களுக்கு, குறைவா கேட்குதுன்னே தெரியாம இருக்கலாம். ஃபேன் சத்தத்துக்கு நடுவுல லெக்சர் பாதிதான் காதுல விழும். கூப்பிட்டா திரும்பலைன்னா நாம 'திமிர்'னு சொல்றோம், சார் 'கவனம் இல்ல'ன்னு சொல்றார். குரூப் டிஸ்கஷன்ல எதிர்ல இருக்கிறவர் பேசினது சரியா கேட்காம திணறினா, 'கம்யூனிகேஷன் சரியில்ல'ன்னு மார்க் குறையுது. பதில் தெரிஞ்ச ஒருத்தர் அங்கேயே வெளியேறுறார்.

"அவ்வளவு கஷ்டம்னா அவங்களே டாக்டர்கிட்ட போவாங்களே?" வலிச்சா போவாங்க. நாள்பட்ட சீழ் பெரும்பாலும் வலிக்காது, நாற்றம்தான் அடிக்கும். அதனால வெட்கப்பட்டு மறைக்கிறாங்க. பொண்ணுங்களுக்கு 'வெளியில சொல்லாத'ன்னு வீட்டுலயே கட்டளை வேற. கண்ணாடி போட்டவனை 'படிப்பாளி'ங்கிறோம், காதுல பஞ்சு வச்சவனைப் பார்த்து மூக்கைப் பொத்துறோம். இது நியாயமா?

ரெண்டு வாரத்துக்கு மேல காது ஒழுகினா எண்ணெயும் பட்ஸும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில காது-மூக்கு-தொண்டை பிரிவு இருக்கு. காதைச் சுத்தம் செஞ்சு சொட்டு மருந்து கொடுப்பாங்க, தண்ணி படாம வச்சுக்கச் சொல்வாங்க. தேவைப்பட்டா ஓட்டையை அடைக்க ஆபரேஷனும் உண்டு. தள்ளிப்போட்டா சிலருக்குத் தொற்று மூளை வரைக்கும் பரவலாம்.

நம்ம காலேஜ்ல ரத்த தான முகாம் நடக்குது, கண் பரிசோதனை முகாம் நடக்குது. காதுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. மார்ச் 3 உலக செவித்திறன் தினம். என்.எஸ்.எஸ். நண்பர்களே, இந்த வருஷம் போஸ்டர் போட்டி வேண்டாம். ஒரு ஆடியோமீட்டர், அதை இயக்கத் தெரிஞ்ச ஒரு நிபுணர், சத்தமில்லாத ஒரு ரூம். அவ்வளவுதான் கேட்கிறேன்.