கை நடுங்கினால் மாத்திரை... குரல் தேய்ந்தால்?

நரம்பியல் டாக்டரின் அறையில் தினமும் நடக்கிற கூத்து இது. பார்க்கின்சன் நோய் அப்பாவுக்கு. கேள்விகள் மகனுக்கு. "அப்பா நல்லா சாப்பிடறாரா? தூங்கறாரா?" பக்கத்து நாற்காலியில் இருக்கும் அப்பா ஏதோ சொல்கிறார். யார் காதிலும் விழவில்லை. கை நடுக்கத்துக்கு மாத்திரை எழுதியாகிவிட்டது. குரலுக்கு? ஒன்றுமில்லை.

பார்க்கின்சன் என்றாலே நமக்கு நடுக்கம்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் ஜோதி ஏற்றிய முகமது அலியின் கை நடுங்கியதைப் பார்த்து உலகமே உருகியது. குத்துச்சண்டை உலகின் மிகப் பெரிய வாய் அவருடையது. அது அடங்கிப் போனதற்கு யார் உருகினார்கள்? அவருக்கு நோய் இருப்பது தெரிந்தது 1984ல். அதற்குச் சில வருடங்கள் முன்பே அவர் பேச்சின் வேகம் குறைந்துவிட்டதைப் பழைய பேட்டிகளை அளந்து பார்த்து 2017ல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் தேய்கிறது. நடையைச் சரிசெய்கிற லெவோடோபா மாத்திரை குரலுக்கு அந்த அளவு கைகொடுப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை, பேசுகிறவருக்குத் தன் குரல் தேய்ந்ததே தெரியாது. மூளை அளவை மாற்றிக் காட்டுகிறது. "உனக்குத்தான் காது மந்தம்" என்று மனைவியிடம் சண்டை போடுவார். அந்தம்மாவும் பாவம், காது டாக்டரிடம் போய் வருவார்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் லோரெய்ன் ராமிக் 1987 வாக்கில் ஒரு பயிற்சியை உருவாக்கினார். லீ சில்வர்மேன் என்ற நோயாளியின் பெயரே அதற்கு. வாரம் நாலு நாள், தினம் ஒரு மணி நேரம், நாலு வாரம். மொத்தம் 16 தடவை. வீட்டிலும் தினமும் பயிற்சி. கட்டளை ஒன்றே ஒன்று: சத்தமாகப் பேசுங்கள். மூச்சு முடியும் வரை "ஆ..." சொல்ல வேண்டும். "காபி வேணும்" மாதிரி தினசரி வாக்கியங்களை உரக்கச் சொல்ல வேண்டும். அவருக்குக் கத்துவது போல இருக்கும். கேட்கிறவருக்கு அது சாதாரணக் குரல். அந்த வித்தியாசத்தை மூளைக்குப் பழக்குவதுதான் சிகிச்சை.

2024ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, பிரிட்டனில் 388 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தது. இந்தத் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் குரல் தொல்லை குறைந்ததாகச் சொன்னார்கள். அரசு மருத்துவச் சேவையின் வழக்கமான பேச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்கோ, ஒன்றுமே பெறாதவர்களைவிட நன்மை கிடைத்ததாகத் தெரியவில்லை!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஐந்து நாள் மருந்தை ஒரு நாள் விழுங்கச் சொல்லும் டாக்டரை நாம் விடுவோமா? பேச்சுப் பயிற்சியில் மட்டும் "வாரம் ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்றால் தலையாட்டுகிறோம். அதுவும் யாராவது அனுப்பி வைத்தால்தான். ஸ்பீச் தெரபி என்றால் திக்குவாய்க் குழந்தைகளுக்கு என்றே பலர் நினைக்கிறார்கள்.

ஆள் இல்லை, தூரம் அதிகம் என்பார்கள். இதே பயிற்சியை வீடியோவில் கொடுத்தாலும் நேரில் கொடுப்பதற்குக் குறைவில்லை என்று 2011லேயே ஆஸ்திரேலியாவில் காட்டிவிட்டார்கள். 2016ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பார்க்கின்சனைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2021ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். காலுக்கு வருகிற அரசு, குரலுக்கும் வரட்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருவோம் என்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்த 16 மணி நேரத்துக்கும் தரட்டும்.