படிப்பில் திணறும் குழந்தையின் விளையாட்டு நேரத்தைப் பறிக்கலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

மார்க் குறைந்தால் வீட்டில் முதலில் பறிபோவது விளையாட்டுதான். "முதல்ல படி, அப்புறம் ஆடலாம்" என்பது வழக்கமான உத்தரவு. பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடும் கணக்கு டீச்சர் கைக்குப் போய்விடும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் குழந்தைக்கோ மாலை முழுக்க டியூஷனில் கரைகிறது. இது உண்மையிலேயே அந்தக் குழந்தைக்கு உதவுகிறதா?

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

இது சோம்பேறித்தனமோ, அறிவுக் குறைவோ அல்ல. புத்திசாலியான குழந்தைக்கும் வரலாம். வாசிப்பதில் சிக்கல் என்றால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராஃபியா, கணக்கில் என்றால் டிஸ்கால்குலியா. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று.

இவர்களில் பலருக்கு இன்னொரு சிரமமும் உண்டு. போர்டில் பார்த்த வரி, நோட்டில் எழுதி முடிப்பதற்குள் மறந்துபோகும். கேள்வியை முழுசா படிக்காமலே பதில் எழுதத் தோன்றும். கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறினால் தடுமாற்றம் வரும். நினைவில் வைத்திருப்பது, அவசரத்தை அடக்குவது, சட்டென மாறிக்கொள்வது ஆகிய மூன்றும்தான் படிப்புக்கு அடிப்படையான சிந்தனைத் திறன்கள். உடற்பயிற்சி கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

20 நிமிடத்தில் என்ன மாற்றம்?

கற்றல் குறைபாட்டுடன் அடிக்கடி சேர்ந்தே காணப்படுவது ஏ.டி.எச்.டி. எனும் கவனச்சிதறல், அதீத துறுதுறுப்புப் பிரச்னை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 10 வயதுள்ள 40 குழந்தைகள் பங்கேற்றனர். அவர்களில் 20 பேருக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது. ஒரு நாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் மிதமான வேகப் பயிற்சி. இன்னொரு நாள் அதே நேரம் உட்கார்ந்து வாசிப்பு. பயிற்சிக்குப் பிறகு இரு தரப்புக் குழந்தைகளும் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கணக்கிலும் கூடுதலாகச் சாதித்தனர். ஏ.டி.எச்.டி. குழந்தைகள், ஒரு தப்பு செய்தால் அடுத்த பதிலில் நிதானிக்கவும் செய்தனர்.

ஓடும்போது இதயத் துடிப்பு கூடி, மூளைக்கு ரத்த ஓட்டம் அதிகரிப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. விளையாட்டின் விதிகளும் ஒருவகைப் பயிற்சியே. கோ-கோவில் 'கோ' கேட்கும் வரை எழக் கூடாது, எழுந்த பிறகு திசை மாறக் கூடாது. அவசரத்தை அடக்கினால்தான் ஆட முடியும்.

அப்படியானால் விளையாட்டே மருந்தா?

இல்லை. இங்கேதான் கவனம் தேவை. இத்தகைய ஆய்வுகள் பலவும் சிறியவை. பயிற்சி முடிந்த உடனே தெரியும் பலன், ஆண்டு முழுக்க நீடிக்கும் என்று அர்த்தமில்லை. ஓட்டம் கவனத்தைக் கூர்மையாக்கலாம். ஆனால் எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதை அது கற்றுத் தராது. அதற்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வேண்டும்.

பிரிட்டனின் அனுபவம் இதற்கு ஒரு பாடம். பலகையில் சமநிலைப்படுத்தி நிற்பது, பந்து போன்ற சிறு பைகளை வீசிப் பிடிப்பது போன்ற பயிற்சிகளால் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யலாம் என்று 'டோர்' என்ற கட்டணத் திட்டம் பிரபலமானது. அதற்கு ஆதரவாக 2003-ல் வந்த ஆய்வு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அதில் பங்கேற்ற பலருக்கு டிஸ்லெக்சியா என்றே உறுதிசெய்யப்படவில்லை. 2008-ல் அங்கே அதன் மையங்கள் மூடப்பட்டன. 'மூளைப் பயிற்சி' பேக்கேஜ் விளம்பரங்களைப் பார்க்கும் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

மாற்றுத்திறன் உள்ளவர்கள் உட்பட 5 முதல் 17 வயதினருக்குச் சராசரியாக தினமும் 60 நிமிட உடல் உழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஹோம்வொர்க்குக்கு முன்பு 20 நிமிடம் சைக்கிள், ஸ்கிப்பிங், ஓடிப்பிடித்து விளையாட்டு என்று தொடங்கலாம். டீம் கேமில் கேலிக்கு ஆளாகும் குழந்தையை அதில் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கூடவே, சந்தேகம் இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து உதவுவது பள்ளியின் கடமை என்கிறது 2016 சட்டம். சிறப்புப் பயிற்சி, விளையாட்டு இரண்டுமே அந்தக் குழந்தைக்குத் தேவை. ஒன்றுக்காக இன்னொன்றைப் பிடுங்கினால் நஷ்டம் குழந்தைக்குத்தான்.