கைகாட்டிக்குக் காவல் யார்?

நமது தேசத்தில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு. அரிசிக்குப் பஞ்சம் வந்ததுண்டு. கமிட்டிகளுக்கு மட்டும் பஞ்சம் வந்ததே கிடையாது. ரயில் விபத்து என்ற ஒரே விஷயத்துக்கு 1962-ல் குன்ஸ்ரு தலைமையில் ஒரு கமிட்டி, 1968-ல் வாஞ்சூ தலைமையில் ஒன்று, 1978-ல் சிக்ரி தலைமையில் ஒன்று, 1998-ல் நீதிபதி கன்னா தலைமையில் ஒன்று, 2011-ல் விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் மற்றொன்று. இத்தனைக்கும் பிறகு, ரயில்வேயின் கைகாட்டி முறைகளையும் வண்டிப் பாதுகாப்பையும் மறுபடி ஒருமுறை பரிசீலனை செய்ய வேண்டும் என்று நாம் எழுத வருவதைக் கண்டு நேயர்கள் புன்னகை செய்யலாம். தாராளமாகச் செய்யட்டும். செய்துவிட்டு மேலே படிக்கும்படி மட்டும் கேட்டுக் கொள்கிறோம்.

இதைத் தரங்கம்பாடிப் பக்கத்து ஜனங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறோம். "தரங்கம்பாடியில்தான் ரயிலே இல்லையே!" என்று கேட்கலாம். உண்மைதான். மாயவரத்திலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகக் கடற்கரை மட்டும் 1926-ல் போட்ட சிறிய பாதை, 1986-ல் நின்று போயிற்று. ஆனால் ரயில் போயிற்றே தவிர, ரயில் பிரயாணம் போகவில்லை. உத்தியோகத்துக்கும் வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் இவ்வூரார் பஸ் ஏறி மயிலாடுதுறைக்குச் சென்று, அங்கிருந்துதான் வண்டி பிடிக்கிறார்கள். அப்படி அவர்கள் ஏறி இறங்கும் பாதையில்தான், 2025-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி காலை அந்தக் கொடுமை நிகழ்ந்தது.

கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவில் செம்மங்குப்பம் என்ற கிராமம். அங்கே ஒரு லெவல் கிராஸிங். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட குழந்தைகளுடன் ஒரு வேன் தண்டவாளத்தைக் கடந்தது. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்கு வந்துகொண்டிருந்த பாஸஞ்சர் வண்டி அதன்மேல் மோதியது. மூன்று மாணவர்கள் மாண்டார்கள். கதவு திறந்திருந்தது. கேட் காவலாளி கைது செய்யப்பட்டார்.

காவலாளி தவறியிருந்தால் தண்டனை உண்டு; அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு மனிதன் தவறினால் மூன்று குழந்தைகள் சாகும்படியான ஏற்பாடு ஏன் இருந்தது என்பதல்லவா அடுத்த கேள்வி?

அந்த ஏற்பாட்டைச் சற்றுக் கவனிப்போம். லெவல் கிராஸிங்குகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் கதவும் கைகாட்டியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். கதவை மூடித் தாழிட்டாலொழிய, வண்டிக்குப் பச்சை விளக்கு விழாது. காவலாளி உறங்கினாலும் மறந்தாலும் நஷ்டம், வண்டி சற்று நேரம் வெளியே நிற்பதுதான். மற்றொன்றில் அந்தப் பூட்டு இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் கேட்பார். காவலாளி "மூடிவிட்டேன்" என்று ஓர் இரகசிய எண்ணைச் சொல்வார். அதை எழுதிக்கொண்டு வண்டியை விடுவார்கள். முதல் ஜாதியில் காவல் இரும்பு. இரண்டாவதில் காவல் வெறும் வாய்ச்சொல். செம்மங்குப்பத்தில் இருந்தது இரண்டாவது ஜாதி.

எந்தக் கேட்டுக்கு இரும்புப் பூட்டு, எதற்கு வாய்ச்சொல் என்பதைத் தீர்மானிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடந்து செல்லும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இந்தத் தொகை 20,000 என்று இருந்ததை, செம்மங்குப்பத்துக்குப் பிறகு 10,000 ஆகக் குறைத்து ரயில்வே மந்திரி உத்தரவிட்டார். எல்லாக் கேட்டுகளிலும் காமிரா வைக்கவும், பதினைந்து நாள் விசேஷப் பரிசோதனை நடத்தவும் கட்டளை பிறந்தது. நல்ல காரியந்தான். ஆனால் இந்தப் பெருக்கலில், பள்ளிக்கூட வேன் என்பது வெறும் ஒரு வண்டி. அதற்குள் எத்தனை குழந்தைகள் என்பது கணக்கில் ஏறுவதில்லை. அன்றியும், பதினைந்து நாள் பரிசோதனை பதினாறாவது நாள் முடிந்துவிடுகிறது.

இனி, சற்றுத் தூரம் போய்வருவோம். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒரிஸ்ஸாவில், பாலசோர் அருகே, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நேர்வழிக்குப் பச்சை பார்த்து ஓடிவந்து, பக்கப் பாதையில் நின்ற கூட்ஸ் வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டனர். கைகாட்டிக் கம்பிகளை முன்பு 2018-ல் மாற்றி அமைத்ததிலும், விபத்து நாளில் ஒரு லெவல் கிராஸிங் சம்பந்தமாகச் செய்த வேலையிலும் ஏற்பட்ட பிழைகளே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம் வேறொன்று. அதே வருஷம் பிப்ரவரி 8-ஆம் தேதி கர்நாடகத்தில், ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில், இதே மாதிரி ஓர் எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் புக இருந்தது. டிரைவர் விழிப்பாக நிறுத்தியதால் தப்பியது. கைகாட்டி முறையில் பெரிய கோளாறு இருக்கிறது என்று அப்போதே ஒரு ரயில்வே மேலதிகாரி எழுத்து மூலம் எச்சரித்தார். நான்கு மாதம் ஆவதற்குள் பாலசோர்!

இங்கிலாந்திலும் இப்படி நடந்ததுண்டு. 1988 டிசம்பரில் லண்டன் கிளாபம் ஜங்ஷனில், கழற்றியிருக்க வேண்டிய ஒரு பழைய கம்பி கழற்றப்படாமல் கிடந்து கைகாட்டியைப் பொய் சொல்ல வைத்தது. 35 பேர் மாண்டனர். விசாரணை நடத்திய அந்தோணி ஹிடன், கம்பியை விட்டுவிட்ட தொழிலாளியோடு நிற்கவில்லை. அந்த மனிதர் பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வெடுத்தார் என்பதையும், அவர் வேலையை வேறொருவர் சரிபார்க்கவில்லை என்பதையும் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார். "யார் செய்தான்?" என்பதோடு நில்லாமல், "ஏன் செய்ய நேர்ந்தது?" என்று கேட்பதே உண்மையான பரிசீலனை.

"இப்போதுதான் 'கவச்' வந்துவிட்டதே!" என்பார்கள் சிலர். நம்மவர்களே நிர்மாணித்த யந்திரம் அது, பெருமைப்பட வேண்டியதே. 2020-ல் தேசிய முறையாக ஏற்கப்பட்டது. டிரைவர் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும், அளவு மீறி வேகம் போனாலும், தானே பிரேக் போட்டுவிடும். ஆயினும் கவசம் கைகாட்டியை நம்புகிறது. கைகாட்டியே பொய் சொன்னால் கவசம் என்ன செய்யும்? கம்பியைப் பூட்டுகிறவனின் கையும், அதைச் சரிபார்க்கிறவனின் கண்ணும் ஒழுங்காயிருந்தால்தான் யந்திரத்துக்கு மதிப்பு.

ஆகவே பரிசீலனை வேண்டும் என்கிறோம். ஆனால் எப்படிப்பட்ட பரிசீலனை?

முதலாவது, பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்தக் கூடாது. வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே, 1941-ல், ரயில்வே இன்ஸ்பெக்டர்களை ரயில்வே போர்டின் கையிலிருந்து பிரித்து வேறு இலாகாவில் வைத்தார்கள். இன்றைக்கும் ரயில்வே பாதுகாப்புக் கமிஷன் விமானப் போக்குவரத்து மந்திரி சபையைச் சார்ந்தே இருக்கிறது. ககோட்கர் கமிட்டி 2012-ல் இன்னும் ஒரு படி மேலே போய், சட்டபூர்வமான தனிப் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனம் வேண்டும் என்றது. பரிசீலனை அப்படிப்பட்ட சுதந்திரமானவர்களிடமே ஒப்புவிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பெரிய பாதைகளோடு நின்றுவிடாமல், செம்மங்குப்பம் போன்ற சிறு கேட்டுகளிலிருந்து தொடங்க வேண்டும். காவலாளிக்கு எத்தனை மணி வேலை, எத்தனை மணி ஓய்வு என்பதையும் கேட்க வேண்டும். "தப்பினோம்" என்று சொல்லும்படியான ஒவ்வொரு சம்பவத்தையும் விபத்தாகவே எண்ணி ஆராய வேண்டும்.

மூன்றாவதே முக்கியம். அறிக்கை முழுதும் தமிழ் உள்பட ஜனங்களின் பாஷைகளில் வெளிவர வேண்டும். பரிசீலனை செய்தவர்களே வருஷந்தோறும் திரும்பி வந்து, "சொன்னதில் எத்தனை செய்தீர்கள்?" என்று கணக்குக் கேட்க வேண்டும். எல்லா லெவல் கிராஸிங்குகளையும் ஐந்து வருஷத்தில் ஒழிக்கவேண்டும் என்று ககோட்கர் கமிட்டி சொல்லிற்று. அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிந்தன. அதற்கு ரயில்வேக்கு வந்தனம். ஆள் காக்கும் கேட்டுகளோ இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியைத் துறந்தார். அந்தப் பெருந்தன்மையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. ஆயினும் ராஜிநாமாவினால் ஒரு பாலமும் உறுதியாகிவிடாது. கைதினால் ஒரு கேட்டும் பூட்டிக்கொள்ளாது.

தரங்கம்பாடிக்கு மறுபடி ரயில் வேண்டும் என்று இப்பகுதியார் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்கிறோம். கேட்கும்போது இன்னொரு வாக்கியத்தையும் மனுவில் சேர்த்துக் கொள்ளட்டும்: வாய்ச்சொல்லைக் காவலாக வைத்த ஒரு கேட்டுகூட அந்தப் பாதையில் இருக்கலாகாது. வயல்களுக்கு நடுவே பள்ளிக்கூடம் போகும் நம் குழந்தைகளின் கணக்கு, எந்தப் பெருக்கல் வாய்பாட்டிலும் அடங்குவதல்ல.