கெப்புக்குப் பலம் கூட்டுமுன் கணக்கைப் பாருங்கள்

காத்தான்குடியிலிருந்து பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப்போகும் எனது பழைய டீசல் கெப், லுணுகலை ஏற்றத்தில் திணறத் தொடங்கியது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், புதிய வாகனம் நமது கைக்கு எட்டும் விலையில் இல்லை. இருப்பதற்கே பலம் கூட்ட நினைத்தேன்.

கராஜில் இரண்டு வழி சொன்னார்கள். இருக்கும் எஞ்சினுக்கு டர்போ பூட்டுவது மலிவு. ஆனால் டர்போவுக்கென்று செய்யப்படாத எஞ்சினில் வெப்பமும் அழுத்தமும் கூடினால் பிஸ்டனும் ஹெட் கெஸ்கட்டும் தாங்குமா? டர்போவுடனேயே வந்த வேறு எஞ்சினை மாற்றுவது உறுதியான வேலை. அதற்குச் செலவு அதிகம். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவையும் மாற்ற வேண்டும்.

சுமார் 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பலத்தை இழக்கும். ஆகவே அன்றாடம் மலை ஏறுபவருக்கு இரண்டாவது வழியே பொருத்தம். ஓட்டமாவடி, ஏறாவூர் என்று வாவிக்கரையின் சமதரையில் ஓடுபவருக்கு இரண்டுமே வீண் செலவு.

நான் வாரம் ஒருமுறைதான் மலை ஏறுகிறேன். எயார் ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரையும் பம்ப்பையும் சரிபார்த்து, சுமையையும் குறைத்தேன். திணறல் பெருமளவு நின்றது. மிஞ்சிய பணத்தில் பிறேக்கைப் புதுப்பித்தேன். ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமல்லவா?

வியாபாரிகளே, வாகனம் கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகும் நாள். அந்த நட்டத்தையும் கூட்டிப் பார்த்தே முடிவெடுங்கள்.